அரசுக் கல்லூரியில் சேர எவ்வளவு செலவாகும், எந்த உதவியை எப்போது கேட்க வேண்டும்: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு பொறியியல் கல்லூரி என எதில் சேரப் போகிறவர்களுக்கும், அவர்களின் அப்பா அம்மாவுக்கும் இதை எழுதுகிறேன். சேர்க்கை நேரத்தில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்து, அப்புறம் "பணம் வரலை" என்று திரும்பி வருகிறவர்களோடு உட்கார்ந்து, எங்கே சிக்கியது என்று தேடிப் பார்த்ததில் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. உதவித்தொகை கிடைக்காமல் போகிறவர்களில் பலர் முழுத் தகுதி உள்ளவர்கள்தான். அவர்கள் வேலைகளை வரிசை மாற்றிச் செய்துவிட்டார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்றுங்கள்.

1. முதலில் ஒரு தாளில் செலவை எழுதுங்கள்

"அரசுக் கல்லூரிதானே, என்ன பெரிய ஃபீஸ்" என்று நினைப்பதில் பாதி உண்மை. அரசு கலை அறிவியல் கல்லூரியில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகப் பதிவு, நூலகம், விளையாட்டு என்று சலானில் வருவது பெரும்பாலும் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். வீட்டை இழுப்பது அது இல்லை, தினசரிச் செலவு.

ஒரு செமஸ்டருக்கு சுமார் 90 வேலை நாள், வருடத்துக்கு 180. பஸ், டீ, மதியச் சாப்பாடு என்று ஒரு நாளைக்கு 60 ரூபாய் ஆகிறது என்றால் வருடத்துக்கு 10,800 ரூபாய். சலானில் இருக்கும் தொகையைவிட இது பல மடங்கு. இதோடு வருடத்துக்கு இரண்டு முறை தேர்வுக் கட்டணம், அறிவியல் பாடம் என்றால் ரெக்கார்டு நோட்டு, லேப் கோட், எல்லாத் துறைக்கும் ஜெராக்ஸ். வெளியூர் என்றால் விடுதி.

தாளை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் "ஜூன் முதல் நவம்பர் வரை கையில் வேண்டியது", வலது பக்கம் "அதற்குப் பிறகு" என்று எழுதுங்கள். ஏன் இப்படி? எந்த உதவித்தொகையும் சேரும் நாளில் கைக்கு வராது. விண்ணப்பம், சரிபார்ப்பு, ஒப்புதல் என்று பல மாதம் ஓடும். முதல் ஆறு மாதச் செலவை வீட்டிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்ற கணக்கோடு இறங்குங்கள். உதவித்தொகையை நம்பி வட்டிக்கு வாங்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அந்த வட்டி உதவித்தொகையையே தின்றுவிடுகிறது.

2. ரிசல்ட்டுக்கு முன்பே சான்றிதழ்கள்

பிளஸ் டூ தேர்வு முடிந்த மறுவாரமே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள், அல்லது வீட்டிலிருந்தே இணையத்தில் போடுங்கள். ரிசல்ட் வந்தபின் ஊரே அங்கே நிற்கும், வி.ஏ.ஓ.விடமும் நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவிந்திருக்கும்.

வேண்டியவை: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பொருந்தினால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய் சேவைக் கட்டணம். அட்டை வடிவில் பழைய சாதிச் சான்றிதழ் இருந்தாலும் இணையத்தில் சரிபார்க்கும்படியான புதிய சான்றிதழை ஒருமுறை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் உதவித்தொகைப் படிவம் அந்த எண்ணைத்தான் கேட்கும்.

வருமானச் சான்றிதழில் இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, அக்காவுக்காகப் போன வருடம் எடுத்ததையே கொடுப்பது. இது புதிதாக இருக்க வேண்டும். இரண்டு, தொகையைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு வருவது. பல திட்டங்களுக்கு எல்லை ரூ.2.50 லட்சம். உண்மையான வருமானம் அதற்குள் இருந்தும் சான்றிதழில் தவறாகக் கூடுதலாக ஏறியிருந்தால், அப்போதே கேட்டுத் திருத்துங்கள். டிசம்பரில் கல்லூரி சொல்லித் தெரிந்தால் நேரம் இருக்காது.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு, குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அந்தச் சலுகையை வாங்கியிருந்தால் உங்களுக்குக் கிடைக்காது. மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழியும் வேண்டும். கலந்தாய்வு வழியாகப் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்கிறவர்களுக்குத்தான் இதனால் பயிற்சிக் கட்டணத்தில் சலுகை. பி.ஏ., பி.எஸ்சி. சேர்கிறவர்கள் இதற்காக ஓடி அலைய வேண்டாம்.

3. எல்லாத் தாளிலும் ஒரே பெயரா என்று பாருங்கள்

ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் மூன்றையும் மேஜையில் வரிசையாக வையுங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயராக இருக்கும். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறிக் கிடக்கும். மனிதர் பார்த்தால் புரிந்துகொள்வார், கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளாது.

மாற்ற வேண்டியது ஆதாரைத்தான். மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது நீண்ட வேலை, அதை வைத்து ஆதாரைத் திருத்துவது எளிது. ஆதார் மையத்துக்குப் போகும்போதே செல்போன் எண்ணையும் இணைத்துவிடுங்கள். 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பு விட்டுப்போயிருந்தால் அதையும் அன்றே முடியுங்கள்.

மாமா எண்ணையோ பிரவுசிங் சென்டர் அண்ணன் எண்ணையோ கொடுக்காதீர்கள். அடுத்த மூன்று வருடத்துக்கு ஒவ்வொரு ஓ.டி.பி.யும் அந்த எண்ணுக்குத்தான் போகும்.

4. பேங்க் கணக்கு: இங்கேதான் பெரும்பாலானோர் விழுகிறார்கள்

இதை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

அரசு பணம் போடுவது உங்கள் கணக்கு எண்ணை நம்பி இல்லை, பெரும்பாலான திட்டங்களில் ஆதார் எண்ணைப் பார்த்து. அந்த ஆதாருடன் எந்த வங்கி கடைசியாக நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக இணைக்கப்பட்டிருக்கிறதோ, பணம் அங்கே போகும். ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் அப்படி இணைந்திருக்க முடியும்.

வங்கியில் "ஆதார் கொடுத்தாச்சு" என்று சொல்வது வேறு, இந்த இணைப்பு வேறு. கணக்குத் தொடங்கும்போது அடையாளத்துக்காக ஆதார் நகல் கொடுத்திருப்பீர்கள். அது போதாது. உதவித்தொகைக்காக ஆதாரை என்.பி.சி.ஐ.யில் (வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய அமைப்பு) இணைக்க வேண்டும் என்று தனியாகப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். கவுன்டரில் இந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள்.

இணைந்துவிட்டதா என்று நீங்களே பார்க்கலாம். மைஆதார் இணையதளத்தில் ஓ.டி.பி. போட்டு உள்ளே போனால் வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பகுதி இருக்கும், அதில் வங்கியின் பெயரும் இணைப்பு நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும்.

ஒரு மாணவியின் கதையைச் சொல்கிறேன். ஐந்து மாதமாக மாதாந்திரத் தொகை வரவில்லை என்று வந்தாள். கல்லூரியில் கேட்டால் "அனுப்பியாச்சுன்னு காட்டுது" என்கிறார்கள், பேங்கில் கேட்டால் "எதுவும் வரலை" என்கிறார்கள். இருவருமே உண்மையைத்தான் சொன்னார்கள். மைஆதாரில் பார்த்தபோது அவள் புதிதாகத் தொடங்கிய வங்கியின் பெயரே இல்லை. வேறொரு வங்கி. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நான் ஏழாவது படிக்கும்போது ஸ்கூல்ல ஆரம்பிச்சது" என்றாள். பாஸ்புக் ஆத்தா வீட்டு டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்தது. என்ட்ரி போட்டுப் பார்த்தால் 5,000 ரூபாய் அப்படியே கிடக்கிறது.

அவளுக்குப் பணம் கிடைத்தது. ஆனால் பள்ளியில் தொடங்கிய கணக்குகள் எல்லாமே இப்படி உயிரோடு இருக்காது. இரண்டு வருடம் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு முடங்கிவிடும், 18 வயது ஆனதும் புதிதாக ஆவணம் கொடுக்க வேண்டியிருக்கும். முடங்கிய கணக்குக்கு வரும் பணம் திரும்பிப் போய்விடலாம். ஆகவே பழைய கணக்கை உயிர்ப்பிக்கிறீர்களா, புதிய கணக்குக்கு இணைப்பை மாற்றுகிறீர்களா என்பதை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். முடிவு செய்தபின் படிப்பு முடியும்வரை மாற்றாதீர்கள். இடையில் எங்காவது புதுக் கணக்குத் தொடங்கும்போது இந்த இணைப்புக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், படித்துப் பார்த்துப் போடுங்கள்.

அப்பா அம்மா கணக்கு, கூட்டுக் கணக்கு வேண்டாம். மாணவர் பெயரில் தனிக் கணக்கு.

5. விண்ணப்பம், சேர்க்கை நாள்

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். விண்ணப்பக் கட்டணம் ரூ.48, பதிவுக் கட்டணம் ரூ.2. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு ரூ.2 மட்டும். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரி வரை குறிப்பிடலாம். பஸ்ஸில் போய்வர முடிகிற கல்லூரி ஒன்றையாவது கண்டிப்பாகச் சேருங்கள். பிடித்த பிரிவு கிடைக்கும் தூரத்துக் கல்லூரியா, அடுத்த பிரிவு கிடைக்கும் பக்கத்துக் கல்லூரியா என்ற கேள்வி வரும்போது முதல் படியில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள்.

அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும்: "இந்த சீட் உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" இரண்டும் ஒரே கட்டடம், ஒரே பெயர்ப்பலகை, பல நேரங்களில் அதே பாடம். கட்டணம் மட்டும் வேறு வேறு. உதவித்தொகையில் ஈடாகும் தொகையும் மாறும். பணம் கட்டியபின் இதைத் தெரிந்துகொண்டு அழுத அம்மாவை எனக்குத் தெரியும்.

சேர்க்கை நாளில் டி.சி., மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒப்படைக்கும் முன் ஐந்து செட் ஜெராக்ஸும் ஒரு ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், கட்டணத்தைத் திரும்பப் பெறும் திட்டங்களில் அதுதான் ஆதாரம்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்கள் மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்குத் தகுதி உள்ளவர்கள். அதில் இடம் கிடைத்தால் பயிற்சிக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. கலந்தாய்வுப் படிவத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால் அவ்வளவு பெரிய உதவி கைநழுவிப் போகும். ஏழு வருடமும் படித்ததற்கான சான்றைப் பள்ளியிலேயே முன்கூட்டி வாங்குங்கள், இரண்டு பள்ளியில் படித்திருந்தால் இரண்டு இடத்திலும்.

6. சேர்ந்த முதல் இரண்டு வாரம்

வகுப்பு தொடங்கியதும் செய்ய வேண்டியவை மூன்று.

யூமிஸ் எண். கல்லூரி உங்களை உயர்கல்வித் தகவல் தளத்தில் ஏற்றும்போது கிடைக்கும் எண் இது. பள்ளியில் இருந்த எமிஸ் எண்ணோடு இது ஒட்ட வேண்டும், அப்போதுதான் நீங்கள் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பது தானாகத் தெரியும். மாநில அரசின் உதவித்தொகைகள் இதன் வழியாகத்தான் நடக்கின்றன. எண் வந்ததும் உங்கள் விவரம் சரியா என்று பாருங்கள், குறிப்பாகச் சாதிப் பிரிவு, விடுதியா வீடா, படிப்பின் பெயர்.

பஸ் பாஸ். அரசு கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ. மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் எப்படியும் கட்டணம் இல்லை, ஆனால் வழியில் புறநகர்ப் பேருந்து மாறுகிறவர்கள் பாஸும் எடுத்துவிடுவது நல்லது.

விடுதி. கல்லூரி விடுதியை மட்டும் கேட்டுவிட்டு "இடம் இல்லையாம்" என்று திரும்பாதீர்கள். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகள் நடத்தும் விடுதிகள் தனி. 2025 முதல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பி.சி., எம்.பி.சி. விடுதிகளுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க வேண்டும். தூர விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. ஒரு மாணவருக்கு மாதாமாதம் மிச்சமாகும் பணத்தைக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலான உதவித்தொகைகளைவிட இது பெரியது, ஆனால் இதைத்தான் பலரும் கடைசியில் யோசிக்கிறார்கள்.

7. உங்களுக்கு எது பொருந்தும்?

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்: மாதம் ரூ.1,000. முதலாவது மாணவிகளுக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கியது. இரண்டாவது மாணவர்களுக்கு, 2024 ஆகஸ்டில் தொடங்கியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்துவிட்டு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கு வந்த மாணவிகளுக்கும் உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. தொலைநிலைக் கல்விக்கும் முதுநிலைப் படிப்புக்கும் கிடையாது.

பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர்: அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளநிலைப் படிப்பு என்றால் இலவசக் கல்வித் திட்டத்துக்கு வருமான நிபந்தனை இல்லை. முதுநிலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் ரூ.2.50 லட்சம் எல்லை. "எங்க வருமானம் கொஞ்சம் அதிகம், நமக்குக் கிடைக்காது" என்று பி.ஏ. மாணவர்கள் விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். அப்படி விடாதீர்கள்.

எஸ்.சி., எஸ்.டி.: போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கானது. வருமான எல்லை ரூ.2.50 லட்சம். கட்டணம் போக, எஸ்.சி. மாணவர்களுக்குப் படிப்பைப் பொறுத்து ஆண்டுக்கு ஒரு தொகையும் வரும். பி.ஏ., பி.எஸ்சி. போன்ற படிப்புகளில் வீட்டிலிருந்து போகிறவர்களுக்கு ரூ.3,000, விடுதியில் இருப்பவர்களுக்கு ரூ.6,000.

மத்திய அரசின் மதிப்பெண் அடிப்படை உதவித்தொகை: பிளஸ் டூவில் உங்கள் போர்டில் முதல் 20 விழுக்காட்டினருக்குள் வந்திருந்து, குடும்ப வருமானம் ரூ.4.50 லட்சத்துக்குள் இருந்தால் இளநிலைக்கு ஆண்டுக்கு ரூ.12,000, முதுநிலைக்கு ரூ.20,000. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் ஓ.டி.ஆர். என்ற ஒருமுறைப் பதிவு, அதற்கு ஆதார் முகச் சரிபார்ப்பு வேண்டும். நல்ல வெளிச்சத்தில், செல்போனில் செய்யுங்கள்.

பொறியியல், பாலிடெக்னிக் மாணவிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வழங்கும் பிரகதி, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு சக்ஷம். இரண்டுமே ஆண்டுக்கு ரூ.50,000. குடும்ப வருமானம் ரூ.8 லட்சத்துக்குள். முதலாம் ஆண்டில், அல்லது நேரடி இரண்டாம் ஆண்டில் சேரும்போதே விண்ணப்பிக்க வேண்டும், "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றால் வாய்ப்பு போய்விடும்.

8. எதை எதோடு சேர்த்து வாங்கலாம்

புதுமைப் பெண் தொகையை மற்ற உதவித்தொகையோடு சேர்த்து வாங்கலாம், அது தனி. ஆனால் மத்திய அரசின் மதிப்பெண் உதவித்தொகையையும் போஸ்ட் மெட்ரிக்கையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தெரியாமல் இரண்டிலும் போட்டு, ஒன்று ரத்தாகி இன்னொன்றும் நிலுவையில் நின்ற பிள்ளைகள் உண்டு. எதில் கிடைக்கும் மொத்தத் தொகை அதிகம் என்று கல்லூரி உதவித்தொகைப் பிரிவில் கேட்டு, கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விண்ணப்பத்தைச் சமர்ப்பித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். தேசிய இணையதளத்தில் முதல் சரிபார்ப்பு உங்கள் கல்லூரியில்தான் நடக்கும். பிரிண்ட் எடுத்து, சான்றிதழ் நகல்களோடு பொறுப்பாசிரியரிடம் நேரில் கொடுங்கள். குறை இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் உங்கள் பக்கத்தில் மட்டும்தான் காட்டும், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

9. கல்விக் கடன் எப்போது?

அரசு கலைக் கல்லூரிக்குக் கடன் வாங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. மேலே சொன்னவை ஒழுங்காக வந்தால் தேவைப்படாது. வெளியூரில் பொறியியல், மருத்துவம், நர்சிங் என்று விடுதிச் செலவோடு போகிறவர்களுக்குத் தேவைப்படலாம்.

ரூ.4 லட்சம் வரை அடமானமும் முன்பணமும் கிடையாது, பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி அந்தக் காலத்திலும் ஏறிக்கொண்டே இருக்கும். முடிந்தவர்கள் மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள். வித்யாலக்ஷ்மி இணையதளத்தில் விண்ணப்பித்தால் எழுத்துபூர்வமான தடம் இருக்கும், "மேனேஜர் இல்லை, அப்புறம் வாங்க" என்று வாய்மொழியில் முடிந்துபோகாது.

10. இரண்டாம் ஆண்டு

முதல் வருடம் வந்ததால் அடுத்த வருடமும் தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். பல திட்டங்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் புதுப்பித்தல் உண்டு. மத்திய அரசின் மதிப்பெண் உதவித்தொகைக்கு 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். பகுதிநேர வேலைக்குப் போய் வருகையில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். சம்பாதித்ததைவிட இழந்தது பெரிதாகிவிடுகிறது.

ஜூன் மாதம் வருமானச் சான்றிதழுக்கு மறுபடி விண்ணப்பியுங்கள், கூடவே மைஆதாரில் வங்கி இணைப்பையும் பாருங்கள்.

11. பணம் வரவில்லையா, இந்த வரிசையில் தேடுங்கள்

முதலில் மைஆதாரில் எந்த வங்கி என்று பாருங்கள். பிறகு அந்த வங்கியின் பாஸ்புக்கில் என்ட்ரி போடுங்கள், குறுஞ்செய்தியை நம்ப வேண்டாம். அங்கும் இல்லை என்றால் இணையதளத்தில் விண்ணப்ப நிலை. கல்லூரியில் நிற்கிறதா, மாவட்ட அலுவலகத்தில் நிற்கிறதா என்று அதில் தெரியும். அதற்குப் பிறகுதான் ஆளைத் தேடிப் போக வேண்டும். விண்ணப்ப எண்ணும் எந்த நிலையில் நிற்கிறது என்ற விவரமும் கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும், வெறுமனே "பணம் வரலை சார்" என்றால் அலைய விடுவார்கள்.

கல்லூரியில் நின்றால் முதல்வருக்கு எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். மாவட்டத்தில் நின்றால் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் உங்கள் பிரிவு நல அலுவலகம். அதுவும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள், அல்லது 1100 என்ற எண்ணில் பதிவு செய்யுங்கள். மனுவில் யூமிஸ் எண், விண்ணப்ப எண், ஆதாருடன் இணைந்த வங்கியின் பெயர், விண்ணப்பித்த தேதி நான்கும் இருக்கட்டும். வருடக் கடைசிக்குள் கொடுத்துவிடுங்கள், மார்ச் தாண்டினால் நிதியாண்டு மாறிவிடும்.